ராட்டட்டூய், கப்போனாட்டா, இமாம் பயில்டி: மூன்றும் ஒன்றுதானா? ஏன் தண்ணீர் விட்டுக்கொள்கிறது?

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பிரான்சின் ராட்டட்டூய், இத்தாலியின் சிசிலித் தீவுக்குரிய கப்போனாட்டா, துருக்கியின் இமாம் பயில்டி மூன்றிலும் கத்தரிக்காய், வெங்காயம், தக்காளி, ஆலிவ் எண்ணெய்தானே இருக்கின்றன, ஊருக்கு ஊர் பெயர் மட்டும் மாறுகிறதா என்பது முதல் கேள்வி. மூன்றையும் வீட்டில் செய்து பார்த்தபோது அடியில் தண்ணீரும் மேலே எண்ணெயும் பிரிந்து நிற்கும் ஒரே மாதிரிக் கூட்டாக வந்தது, எங்கே தவறு என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. காய்கள் ஏறக்குறைய ஒன்றுதான்; காய்க்குள் இருக்கும் தண்ணீரை எப்போது, எப்படி வெளியேற்றுவது என்பதில்தான் இந்த ஊர்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. எல்லாக் காயையும் ஒரே சட்டியில் ஒரே நேரத்தில் போட்டு மூடிவிட்டால் அந்த வேறுபாடு முழுவதும் கரைந்துபோகும்.

முதலில் கத்தரிக்காயைப் பார்ப்போம். அதன் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். சுக்கினியிலும் (வெள்ளரி போல நீண்ட பூசணி வகைக் காய்) தக்காளியிலும் அதைவிடச் சற்றுக் கூடுதல். கத்தரிக்காயின் சிறப்பு, தண்ணீரோடு காற்றும் அதன் சதைக்குள் அடைந்திருப்பதுதான். பச்சையாக அமுக்கினால் பஞ்சு போல் உள்வாங்குவது அதனால்தான். எண்ணெயில் போட்டதும் அந்தக் காற்றறைகளுக்குள் எண்ணெய் புகுந்துகொள்கிறது. வாணலி காய்ந்துவிட்டதே என்று நாம் மேலும் எண்ணெய் ஊற்றுகிறோம், அதையும் குடிக்கிறது. பிறகு தக்காளியோடு சேர்த்து வேகவைக்கும்போது சதை முழுவதும் குழைந்து, குடித்த எண்ணெயில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. உங்கள் சட்டியில் மிதந்தது அந்த எண்ணெய். அரைவேக்காட்டில் வாணலியிலிருந்து எடுத்ததுதான் காரணம். ஊற்றிய அளவு இரண்டாம் பட்சம்.

இதற்கு உப்பு உதவும். ஒரு கிலோ கத்தரிக்காயை இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, இரண்டு டீஸ்பூன் உப்பைப் புரட்டி, கண்வடிகட்டியில் 40 நிமிடம் வையுங்கள். பின் துணியில் போட்டு இறுக்கிப் பிழிந்து, உலர ஒற்றி எடுங்கள். கசப்பு போவதற்காக உப்பு போடுவதாகப் பல குறிப்புகளில் இருக்கும்; இன்றைய பெரிய ஊதாக் கத்தரி வகைகளில் கசப்பு குறைவு, அதற்காக மெனக்கெடத் தேவையில்லை. உப்பு செய்யும் பெரிய வேலை வேறு: தண்ணீரை இழுத்துச் சதையைத் தளர்த்தி, காற்றறைகளை முன்கூட்டியே மடக்கிவிடுகிறது. அதனால் எண்ணெய் குடிப்பது குறையும். இந்த உப்பில் ஒரு பகுதி காயிலேயே தங்கிவிடும் என்பதால் பின்னால் உப்பு சேர்க்கும்போது கையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். கடைசியில் ருசி பார்த்த பிறகு போடுவது நல்லது.

வறுக்கும்போது எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் போதும். வெப்பமானி இல்லையென்றால் ரொட்டித் துணுக்கு ஒன்றைப் போடுங்கள். உடனே சுற்றிலும் குமிழி கிளம்பி அரை நிமிடத்துக்குள் பொன்னிறமானால் பதம் சரி. ஒரு அகன்ற வாணலியில் ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் போடாதீர்கள். அதிகம் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, காய் வறுபடாமல் தன் ஆவியிலேயே அவியத் தொடங்கும். வெளியே நல்ல பழுப்பு ஏறி, உள்ளே வெண்ணெய் போல் நெகிழும்வரை விட்டு, கண்வடிகட்டியில் கால் மணி நேரம் வடிய விடுங்கள். அடியில் தேங்கும் எண்ணெயைப் பார்த்தால் நான் சொன்னது புரியும். எண்ணெய் குறைவாக வேண்டுமென்றால் 'அவன்' (oven) அடுப்பு நல்ல வழி: ஒரு கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் புரட்டி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, 220 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்பிவிட்டு.

இனி ராட்டட்டூய். இது பிரான்சின் தென்கிழக்குக் கடலோர நகரமான நீஸுக்குரியது. பெயரின் பின்பாதி கிளறுவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினைச்சொல்லோடு தொடர்புடையது. அந்தப் பெயரை நம்பிக் கிளறிக்கொண்டே இருந்தால் காய் மசிந்துவிடும். பழைய முறைப்படி செய்பவர்கள் ஒவ்வொரு காயையும் தனித்தனியே வதக்கிக் கடைசியில்தான் சேர்ப்பார்கள். நேரம் பிடிக்கும், பாத்திரம் கூடும் என்றாலும் இதில் குறுக்குவழியை நான் பரிந்துரைப்பதில்லை. நான்கு பேருக்குக் கத்தரிக்காய் அரை கிலோ, சுக்கினி அரை கிலோ, சிவப்புக் குடைமிளகாய் இரண்டு, வெங்காயம் கால் கிலோ, பழுத்த தக்காளி முக்கால் கிலோ, பூண்டு நான்கு பல், ஆலிவ் எண்ணெய் 120 மில்லி. வெங்காயத்தைச் சிறு தீயில், நிறம் மாறாமல், 15 நிமிடம் குழைய வதக்குங்கள். குடைமிளகாயைச் சேர்த்து இன்னொரு 10 நிமிடம். பிறகு தோலுரித்து நறுக்கிய தக்காளி, பூண்டு, தைம் என்ற வாசனை மூலிகை இரண்டு கொத்து, ஒரு பே இலை. மூடியே போடாமல் 20 முதல் 25 நிமிடம் வற்ற விடுங்கள். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு ஓரிரு நொடி மூடாமல் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் மற்ற காய்களைச் சேர்ப்பதுதான் தண்ணீர் நிற்பதற்கு இரண்டாவது காரணம்.

தக்காளி வற்றும் நேரத்தில் கத்தரிக்காயையும் சுக்கினியையும் வேறு வாணலியில் தனித்தனியே வறுத்துக்கொள்ளலாம். சுக்கினிக்குத் தீ பெரிதாக இருக்கட்டும்; ஆறேழு நிமிடத்தில் ஓரம் பழுக்க வேண்டும், நடு கடிபட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து, கிளறாமல் சட்டியைக் குலுக்கிவிட்டு, 10 நிமிடம் மெல்லிய தீயில் வையுங்கள். இறக்கிய பின் பேசில் இலையைக் கையால் கிழித்துப் போடுங்கள். இதற்கு மேலும் தண்ணீர் நின்றால் நல்ல சமையல்காரர்கள் செய்வது இது: முழுவதையும் கண்வடிகட்டியில் கொட்டி, வடிந்த சாற்றை மட்டும் தனியாகக் கொதிக்கவைத்துப் பாகுபோல் சுண்ட விட்டு, காய்மேல் திரும்ப ஊற்றுவது. காய் குழையாது, ருசியும் வீணாகாது. உங்களிடம் இப்போது மிச்சமிருப்பதையும் இப்படிக் காப்பாற்றலாம்.

வில்லை வில்லையாக நறுக்கி வட்டமாக அடுக்கிய ராட்டட்டூய் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு உணவு. கோன்ஃபி பியால்டி என்று பெயர். பிரெஞ்சு சமையற்கலைஞர் மிஷெல் கெரார் 1976இல் அதன் செய்முறையை வெளியிட்டார். அழகான உணவுதான். நீஸ் நகரத்துப் பாட்டிமார் செய்யும் ராட்டட்டூய்க்கு அதை அளவுகோலாக வைக்கக் கூடாது, அவ்வளவே. அந்த 'பியால்டி' இமாம் பயில்டி என்ற துருக்கிப் பெயரிலிருந்து வந்தது என்பது உங்கள் முதல் கேள்விக்கு ஒரு சுவையான பதில்: பெயர்கள் கடல் தாண்டிப் போயிருக்கின்றன, பக்குவம் கூடவே போகவில்லை.

இமாம் பயில்டியில் தண்ணீரைப் பார்க்கும் பார்வையே தலைகீழ். அங்கே காயின் சாறு சட்டியை விட்டு வெளியேறுவதில்லை. மூடிக்குள் எண்ணெயோடும் வெங்காயத்தோடும் கலந்து கெட்டிப்படுகிறது. நீளமான, ஒன்று 200 கிராம் தேறும் நான்கு கத்தரிக்காய் எடுத்து, காம்பை விட்டுவிட்டு, தோலை ஒரு பட்டை உரித்து ஒரு பட்டை விட்டு வரிவரியாகச் சீவுங்கள். விட்ட தோல் காய் உடையாமல் பிடித்துக்கொள்ளும், உரித்த இடம் எண்ணெயையும் சாற்றையும் உள்ளே விடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்து அரை மணி நேரம் மூழ்கவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, முழுக் காயாகவே எட்டு முதல் பத்து நிமிடம் திருப்பித் திருப்பி வறுக்க வேண்டும். விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும். இந்த நிலைக்கு வராத கத்தரிக்காய் பின்னால் எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் வெளிறி, சவசவ என்றே இருக்கும்.

பூரணத்துக்கு மூன்று பெரிய வெங்காயத்தை மெல்லிய பிறைகளாக நறுக்கி, நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் 15 நிமிடம் பழுப்பேறாமல் வதக்குங்கள். ஆறு பல் பூண்டு, காரமில்லாத பச்சை மிளகாய் ஒன்று, இரண்டு தக்காளி, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, உப்பு சேர்த்து ஈரம் வற்றியதும் ஒரு கைப்பிடி பார்ஸ்லி. காயின் இரண்டு முனையிலும் இரண்டு சென்டிமீட்டர் விட்டு, அடிவரை போகாமல் நடுவில் கீறி, கரண்டியின் பின்புறத்தால் வாயை அகட்டி, பூரணத்தை நிறைய அடையுங்கள். நம் எண்ணெய்க் கத்தரிக்காயில் நான்காகப் பிளக்கிற மாதிரி பிளந்துவிடாதீர்கள். சாறு தங்க இடமில்லாமல் போகும். அகன்ற சட்டியில் நெருக்கமாக அடுக்கி, 150 மில்லி வெந்நீரில் அரை எலுமிச்சையின் சாற்றைக் கலந்து ஓரமாக ஊற்றி, மேலே இன்னும் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மூடி, சிறு தீயில் 35 நிமிடம். சட்டியிலேயே முழுக்க ஆறட்டும். சூடாகச் சாப்பிடாதீர்கள். இந்த வகை உணவு சூட்டில் எண்ணெயாக மட்டும் தெரியும். ஆறியபின்தான் வெங்காயத்தின் இனிப்பும் எண்ணெயின் வாசனையும் நாக்குக்கு எட்டும். இதே காயில் கொத்துக்கறி அடைத்துச் சூடாகப் பரிமாறினால் அதற்குத் துருக்கியில் கர்னியாரிக் என்று பெயர்.

இமாம் பயில்டி தனி உணவு அல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் உறுப்பு. ஆலிவ் எண்ணெயிலேயே வெந்து, ஆறியபின் பரிமாறப்படும் காய்கறி உணவுகளைத் துருக்கியில் ஸெய்தின்யாலி என்பார்கள். கிரேக்கத்தில் இதற்கு ஈடானவை லாதெரா. இரண்டு பெயருக்கும் 'எண்ணெயிட்டது' என்றுதான் பொருள். கிரேக்கத்தில் இவை இவ்வளவு வளர்ந்ததற்குக் காரணம் தெளிவானது: ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை கூடாது. காய்கறியைக் கொண்டே வயிறு நிறைய ஒரு வேளை உணவு வேண்டியிருந்தது. (மிகக் கடுமையான நோன்பு நாட்களில் எண்ணெயும் விலக்கு.) தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஃபசோலாகியா, அதாவது பீன்ஸ் லாதெரா. அரை கிலோ பீன்ஸ், ஒரு வெங்காயம், துருவிய தக்காளி மூன்று, 90 மில்லி ஆலிவ் எண்ணெய், அரை டீஸ்பூன் சர்க்கரை, பார்ஸ்லி. வெங்காயம் வதங்கியதும் பீன்ஸை எண்ணெயில் ஐந்து நிமிடம் புரட்டி, தக்காளி சேர்த்து, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடி 50 நிமிடம். கடைசி 10 நிமிடம் மூடியைத் திறந்துவிடுங்கள். கிரேக்கத்தில் இதன் பதத்தை 'தன் எண்ணெயோடு நிற்க வேண்டும்' என்று சொல்வார்கள்: தண்ணீர் முழுவதும் போய், எண்ணெயும் தக்காளியும் காயைப் பூசிக்கொண்டிருக்கும் நிலை. பீன்ஸ் பச்சை நிறம் இழந்து ஆலிவ் நிறமாகும். அது குறையல்ல, அப்படித்தான் ஆக வேண்டும். கறுக்கென்று கடிபடும் பீன்ஸை அங்கே வேகாத பீன்ஸ் என்பார்கள்.

லாதெரா வகை உணவுகளில் அடிக்கடி நேரும் ஒரு பிழை: உருளைக்கிழங்கு வேகாமல் நிற்பது. புளி ஊற்றிவிட்டால் காய் வேகாது என்று நம் வீடுகளில் சொல்வது இங்கும் அப்படியே பொருந்தும். தக்காளியின் புளிப்பு காயின் செல்சுவரில் உள்ள பெக்டின் என்ற ஒட்டுப்பொருளைக் கரைய விடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. உருளை, கத்தரி, சுக்கினி, தக்காளி எல்லாம் சேர்த்து அவனில் வைக்கும் பிரியாம் என்ற கிரேக்க உணவில் உருளையை மற்ற காய்களைவிட மெல்லியதாக, அரை சென்டிமீட்டர் வில்லையாக நறுக்குங்கள், அல்லது உப்புத் தண்ணீரில் பாதி வேகவைத்துச் சேருங்கள்.

கப்போனாட்டாவுக்கு வருவோம். சிசிலியில் தண்ணீரைப் போக்குவதோடு நிற்பதில்லை. அந்த இடத்தில் வினிகரையும் சர்க்கரையையும் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஒரு கிலோ கத்தரிக்காயை மேலே சொன்னபடி உப்பிட்டு வறுத்து வடித்துக்கொள்ளுங்கள். செலரித் தண்டு 200 கிராமைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டெடுங்கள். ஒரு பெரிய வெங்காயத்தை வதக்கி, செலரி, கொட்டை நீக்கிய பச்சை ஆலிவ் 100 கிராம், உப்பைக் கழுவிய கேப்பர் (உப்பிட்டு வைத்த பூமொட்டு) இரண்டு மேசைக்கரண்டி, கெட்டியான தக்காளிச் சாறு 250 மில்லி சேர்த்து 10 நிமிடம். வெள்ளை ஒயின் வினிகர் 60 மில்லியில் சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி கரைத்து ஊற்றி, வினிகரின் காரமான நெடி மூக்கைத் தாக்காமல் ஆகும்வரை இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கொதிக்க விடுங்கள். கத்தரிக்காய் கடைசியில்தான். வினிகரை முதலிலேயே ஊற்றினால் வெங்காயமும் செலரியும் மேற்கொண்டு வேகாது, புளிப்பின் கூர்மையும் போய்விடும். மேலே வறுத்த பைன் கொட்டை 30 கிராம். அன்றே சாப்பிட்டால் புளிப்பு தனி, இனிப்பு தனி என்று தெரியும். ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில் இருந்தபின்தான் ஒன்று சேரும். சிசிலியிலேயே பலேர்மோ நகரப் பக்கம் குடைமிளகாய் சேர்ப்பதில்லை, கத்தானியா பக்கம் சேர்ப்பார்கள். எது அசல் என்ற சண்டையில் நான் இறங்கமாட்டேன். குடைமிளகாய் இல்லாமல் செலரி நன்றாக எடுபடுகிறது என்பது என் ருசி.

ஸ்பெயினில் மயோர்க்காத் தீவின் தும்பெட், கத்தலோனியாப் பகுதியின் எஸ்கலிவாடா இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தும்பெட்டில் உருளை, கத்தரி, குடைமிளகாய் மூன்றையும் தனித்தனியே பொரித்து அடுக்கடுக்காக வைத்து, மேலே கெட்டித் தக்காளிச் சாறு ஊற்றுவார்கள். எஸ்கலிவாடாவில் கத்தரி, குடைமிளகாய், வெங்காயத்தை முழுசாகத் தணலில் சுட்டு, தோலுரித்து, கையால் பட்டையாகக் கிழித்து, எண்ணெயும் உப்பும் மட்டும். சுட்ட காயை மூடிவைத்து வியர்க்க விட்டுத் தோலுரியுங்கள்; குழாய்த் தண்ணீரில் கழுவினால் புகை வாசனை முழுவதும் ஓடிவிடும்.

வரலாற்றில் எது உறுதி, எது கதை என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கத்தரிக்காய் ஆசியாவிலிருந்து பாரசீகம் வழியாக அரபு மக்களோடு மேற்கே போனது உறுதி. சமஸ்கிருத 'வாதிங்கண', பாரசீக 'பாதிங்கான்', அரபு 'அல்-பாதின்ஜான்', கத்தலான் 'அல்பெர்ஜினியா', பிரெஞ்சு 'ஓபெர்ஜின்' என்று சொல் நடந்த பாதை தெளிவாகவே தெரிகிறது. அந்தச் சங்கிலியின் தொடக்கம் 'வழுதுணங்காய்' என்ற நம் பழைய சொல்லோடு உறவுடைய திராவிட வேர் என்பது மொழியியலாளர் சிலரின் கருத்து; வாய்ப்புள்ளது, முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 9ஆம் நூற்றாண்டு அப்பாசியக் கலீஃபா அல்-மாமூனின் மனைவி பூரானின் பெயரால் வழங்கிய கத்தரிக்காய் உணவுகளின் பெயர் ஸ்பெயினின் அந்தலூசியாவில் இன்றும் 'அல்போரோனியா' என்று வாழ்கிறது. அந்தப் பழைய உணவில் தக்காளியும் குடைமிளகாயும் இருந்திருக்க முடியாது, இரண்டும் அமெரிக்கக் கண்டத்துக் காய்கள். இத்தாலியில் தக்காளி பற்றிய முதல் பதிவுகள் 1540களைச் சேர்ந்தவை. தக்காளிச் சாறு செய்முறை ஒன்று அங்கே அச்சேறியது 1690களில், நேப்பிள்ஸில் பணியாற்றிய அந்தோனியோ லத்தீனியின் நூலில். ஆகவே இன்று நாம் உண்ணும் வடிவில் இந்த மூன்றில் எதுவும் மிகப் பழையதாக இருக்க வழியில்லை. 'இமாம் மயங்கி விழுந்தார்' என்று பொருள்படும் பெயருக்கு, ருசியில் மயங்கினார் என்றும், செலவான எண்ணெயைக் கேட்டு மயங்கினார் என்றும் சொல்வது நாட்டுப்புறக் கதை. கப்போனாட்டா என்ற பெயர் 'கப்போனே' என்ற மீனிலிருந்து வந்தது, மீன் வாங்க முடியாதவர்கள் கத்தரிக்காய் போட்டார்கள் என்பதும் விவாதத்துக்குரியது.

நான் கொடுத்த நிமிடக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு: அது பெரிய ஊதாக் கத்தரிக்காய்க்கும், சதைப்பற்றுள்ள தக்காளிக்கும் உரியது. நம் சந்தையின் சிறு கத்தரிக்காயில் விதை அதிகம், சதை குறைவு. இமாம் பயில்டிக்கு நீளக் கத்தரிக்காயும், மற்றவற்றுக்கு சுட்டுக் கொத்சு செய்யும் பெரிய கத்தரிக்காயும் எடுங்கள். நாட்டுத் தக்காளி புளிப்பும் நீரும் மிகுந்தது, வற்றக் கூடுதலாக 10 நிமிடம் பிடிக்கும்; பெங்களூர்த் தக்காளி என்று விற்பது இந்த வேலைக்குப் பொருத்தம். பே இலைக்குப் பதில் பிரியாணி இலையைப் போடாதீர்கள். அது வேறு மரம், பட்டை வாசனை ஏறிவிடும், இல்லையென்றால் விட்டுவிடலாம். வறுப்பதற்குச் சூரியகாந்தி எண்ணெய் போதும், விலை கூடிய எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெயை மூடி வேகவைக்கும் கட்டத்துக்கும் இறக்கியபின் ஊற்றவும் வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் இங்கே சரிவராது, அதன் மணம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

கடைசியாக ஒன்று, இதில் கவனமாக இருங்கள். எண்ணெய் மேலே நிற்கிறதே, ஊறுகாய் போல வெளியே வைக்கலாம் என்று தோன்றும். வைக்கக் கூடாது. ஊறுகாயில் இருக்கும் அளவு உப்போ புளிப்போ இவற்றில் கிடையாது. எண்ணெய்க்கு அடியில் காற்றுப்படாத ஈரமான காயிலும் பூண்டிலும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற நுண்ணுயிர் வளர்ந்து, வாசனையோ நிறமோ மாறாமலே நஞ்சு உண்டாக்க முடியும். வீட்டில் செய்த கப்போனாட்டாவின் புளிப்பையும் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும், நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். சாப்பிடுவதற்கு அரை மணி முன் வெளியே எடுத்து வைத்தால், குளிரில் உறைந்த எண்ணெய் இளகி, சரியான பதத்துக்கு வந்திருக்கும்.